ஒன்பது மீட்டர் உபரி

உலகத்தில் கயிறுகளுக்குப் பஞ்சமில்லை. கிணற்றில் ஒரு கயிறு, கன்றுக்குட்டியின் கழுத்தில் ஒரு கயிறு, ஊஞ்சலில் ஒரு கயிறு. இவையெல்லாம் பிறந்தோம், இழுத்தோம், அறுந்தோம் என்று போய்ச் சேருகிற சாமானியக் கயிறுகள். தனக்கென்று ஒரு கோப்பு, கோப்புக்கென்று ஓர் எண், எண்ணுக்கென்று ஒரு முத்திரை, முத்திரைக்கென்று ஒரு பூட்டு, இத்தனையும் வைத்திருந்த கயிறு மனித வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான். அது மலைப்பாதை மீட்பு நிலையத்தின் வின்ச் கயிறு. அதன் வரலாற்றை எழுதாமல் விட்டால் வருங்காலத் தலைமுறை நம்மை மன்னிக்காது. எழுதினாலும் மன்னிக்காது என்பது வேறு விஷயம்.

நிலையம் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு அறை, ஒரு லாரி. லாரியின் முன்பக்கம் வின்ச் என்கிற உருளை. அதில் கயிறு சுற்றியிருக்கும். மேலே பாதையிலிருந்து சறுக்கி விழுந்த வண்டியில் கொக்கியை மாட்டி, மோட்டாரைப் போட்டால் உருளை சுற்றும், வண்டி மேலே வரும். இத்தனைக்கும் ஆள் ஒருவர்தான். லாரியை ஓட்டுகிறவரும் அவரே, உருளையைச் சுற்றுகிறவரும் அவரே, வழியில் யாராவது அழுதால் தண்ணீர் கொடுப்பவரும் அவரே. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. ஊருக்கு அவர் வின்ச்காரர்.

முன்பு உருளையில் இரும்புக் கம்பி வடம்தான் இருந்தது. ஒருநாள் நிலைய வாசலிலேயே சேற்றில் சிக்கிய ஒரு லாரியை இழுக்கும்போது அது பட்டென்று அறுந்து, சாட்டை மாதிரித் திரும்பி வந்து, நிலையத்தின் பெயர்ப்பலகையிலிருந்து 'மீட்பு' என்ற சொல்லை மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து பலகையில் 'மலைப்பாதை நிலையம்' என்றுதான் இருக்கிறது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதற்குப் பதிலாக வந்ததுதான் நம் கதாநாயகன். நீல நிறம், கட்டை விரல் தடிமன், செயற்கை இழையில் பின்னியது, முப்பது மீட்டர். இரும்பில் பாதி எடைகூட இல்லை, தண்ணீரில் போட்டால் மிதக்கும், தாங்குவதோ ஒன்பது டன். கூடவே ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. வின்ச்காரர் அதை ஏழு முறை படித்தார். மண் துகள் இழைக்குள் புகுந்தால் உள்ளேயிருந்தே அறுக்கும், அதனால் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது, நிழலில்தான். பாறை விளிம்பில் உரசவிடக் கூடாது. முடிச்சுப் போடக் கூடாது, முடிச்சு விழுந்தால் பலம் பாதியாகிவிடும். எத்தனை தூரம் இழுத்தாலும் உருளையில் பத்துச் சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். கயிற்றைத் தாங்குவது முனையில் இருக்கிற திருகாணி அல்ல, அந்தப் பத்துச் சுற்றுதான்.

இதையெல்லாம் அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வாரம் ஒருமுறை கயிற்றை முழுதாக இறக்கி, பெரிய தொட்டியில் போட்டு, இழை இழையாகப் பிரித்து அலசி, விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னைக்காவது நம்ம பிள்ளைங்கள இப்படிக் குளிப்பாட்டியிருக்கீங்களா?"

"பிள்ளைங்களை நம்பி யாரும் தொங்கப்போறதில்லையே."

"நல்லா இருக்கு நியாயம்" என்று தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

இப்படி ஒரு தனிமனிதரின் விரலில் ஒரு பொதுச்சொத்து சிக்கிக்கிடப்பதை ஒரு நிர்வாகம் எத்தனை நாள் பொறுக்கும்? நிலையத்தின் கண்காணிப்பாளர் விழித்துக்கொண்டார். அவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'மூணு காப்பி' என்பார்கள். எதுவாக இருந்தாலும் அவருக்கு மூன்று பிரதி வேண்டும். ஒன்று மேலிடத்துக்கு, ஒன்று சம்பந்தப்பட்டவருக்கு, ஒன்று கோப்புக்கு. ஐயா தும்மினால்கூட மூன்று தும்மல்தான் என்று பதிவறை அம்மா சொல்வார். பதிவறை அம்மா என்பவர் அந்தக் கோப்புகளுக்குச் சாவி வைத்திருந்தவர்.

மூணு காப்பி ஐயா 'கயிறு பராமரிப்புக் குழு' அமைத்தார். தலைவர் அவர். செயலாளர் பதிவறை அம்மா. வின்ச்காரர் 'சிறப்பு அழைப்பாளர்', அதாவது நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. தினமும் கயிற்றைத் தொடுகிற ஆள் கயிற்றைப் பற்றி முடிவெடுத்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று ஐயா விளக்கினார். எவ்வளவு பெரிய தத்துவம் பாருங்கள்.

முதல் கூட்டத்தில் ஐயா அந்தச் சின்னப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தை உரக்கப் படித்தார். "கயிற்றை அடிக்கடி சோதிக்கவும். சேதமான பகுதி இருந்தால் வெட்டவும்." கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு கட்டளை இருக்கு. ஒண்ணு சோதிக்கணும். ரெண்டு வெட்டணும்."

"சேதம் இருந்தாத்தான் வெட்டணும் ஐயா" என்றார் சிறப்பு அழைப்பாளர்.

"சேதம் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தடவிப் பாத்தாத் தெரியும். இழை பிசிறியிருக்கும். சூடு பட்டிருந்தா வழவழன்னு கெட்டியா இருக்கும்."

"உங்க விரலுக்கு அங்கீகாரம் இருக்கா?"

வின்ச்காரர் தன் விரலைப் பார்த்தார். அதில் மசி இருந்தது, தழும்பு இருந்தது, அங்கீகாரம் இல்லை.

ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கயிற்றிலிருந்து ஒரு மீட்டர் வெட்டிப் பரிசோதனைக் கூடத்துக்கு 'மாதிரி' அனுப்பப்படும். கூடவே மேலிடத்துக்கு ஒரு மீட்டர். கோப்புக்கு ஒரு மீட்டர்.

"கோப்புக்கு எதுக்கு ஐயா கயிறு?"

"ஒரு கடுதாசி அனுப்பினா ஆபீஸ் காப்பி வைக்கிறோமா இல்லையா? கயிறு மட்டும் என்ன பாவம் செஞ்சுது?"

"சரி, வெட்டுறதுன்னா கொக்கிப் பக்கம் வெட்டிக்கிறேன். அங்கதான் தேய்மானம்."

ஐயா அதிர்ந்துபோனார். "நைஞ்ச முனைய மேலிடத்துக்கு அனுப்பி, மானத்த வாங்கப் பாக்குறீங்களா? உருளைப் பக்கம் இருக்கு பாருங்க, வெளிச்சமே படாத முனை, அத வெட்டுங்க. அனுப்புறது நல்லதா இருக்கணும். வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு அடிப்பிடிச்சதையா பரிமாறுவோம்?"

இப்படியாக, பதினொரு கட்டங்கள் கொண்ட பதிவேடு ஒன்று திறக்கப்பட்டது. நிறம், மணம், மென்மை, பளபளப்பு, 'பொதுவான மனநிலை' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வின்ச்காரர் லாரியிடம் போய் மூன்று மீட்டர் வெட்டி, தட்டில் வைத்து எடுத்து வருவார். வெயில் என்பதால் குழு வெளியே வராது. பதிவறை அம்மா ஒரு மீட்டரைச் சுருட்டி, துளை போட்ட உறையில் வைத்து, அரக்கு முத்திரையிட்டுக் கோப்பில் சேர்ப்பார். சான்றிதழ் தவறாமல் வரும். 'மிகச் சிறப்பு. புதியதற்கு நிகர். ஒன்பது டன்.' நிகராக இருக்காதா பின்னே? புதியதைத்தானே அனுப்புகிறார்கள்.

ஐந்தாவது சோதனை முடிந்த அன்று வின்ச்காரர் கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டு அளந்தார். பதினைந்து மீட்டர். பாதிக் கயிற்றைக் காணோம். மிச்சம் இருந்ததும் வேலை செய்து தேய்ந்த பாதி. புத்தம்புதிய பாதி உறைகளில் தூங்கிக்கொண்டிருந்தது. நேராக ஐயாவின் அறைக்குப் போனார்.

"ஐயா, கயிறு பதினஞ்சு மீட்டருக்கு வந்திருச்சு."

"பலம்?"

"பலம் சரிதான். நீளம்தான்..."

ஐயா பதிவேட்டைத் திறந்து பதினொரு கட்டத்திலும் விரலை ஓட்டினார். பொறுமையாக இரண்டாம் முறையும் ஓட்டினார். "நீளம்னு கட்டமே இல்லையேப்பா."

"ஐயா, மூணாவது வளைவு இருக்கு. தடுப்புச் சுவர் இடிஞ்ச எடம். லாரி நிக்கிற எடத்துல இருந்து கீழ அந்த ஒத்தை மரத்துல ஒரு வண்டி முட்டி நின்னா, அதோட பின்பக்கம் வரைக்கும் பன்னெண்டு மீட்டர். நானே நூல் கட்டி அளந்திருக்கேன். உருளைல பத்துச் சுத்துக்கு மூணு மீட்டர். மொத்தம் பதினஞ்சு. இனிமே ஒரு சாண் வெட்டினாலும் அங்க எட்டாது."

"அப்ப இதுவரைக்கும் வெட்டினது சரியா இருந்திருக்கு, இல்லையா?" என்றார் ஐயா மலர்ச்சியோடு. அந்தக் கோணத்தில் வின்ச்காரர் யோசித்திருக்கவில்லை.

மூன்றாவது வளைவைப் பற்றி அவர் இத்தனை அக்கறையாக நூல் கட்டி அளந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய தங்கை பார்சல் வேன் ஓட்டுகிறாள். காலையில் மேலே போவாள், மாலையில் கீழே வருவாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்த இடிந்த சுவரை ஒட்டி. அண்ணனுக்கு ஒரே தங்கை. அவர் கைப்பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன பிள்ளை இன்று ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறாள். அவள் வேன் கீழே வந்து, நிலையத்தைக் கடக்கும்போது இரண்டு தரம் ஹாரன் அடித்தால்தான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வரும்.

ஆறாவது சோதனை நாள் வந்தது. கத்தியோடு லாரியிடம் போன வின்ச்காரருக்குக் கை வரவில்லை. வீடு பக்கம்தான். பின்கட்டில் மனைவி துணி காயப்போடுகிற கொடி, இருபது மீட்டர், அதே நீல நிறம். கனத்தில் பாதிதான் இருக்கும். இருந்தால் என்ன? யாரையும் அது இழுக்கப்போவதில்லை, தபாலில் போகப்போகிறது. மூன்று மீட்டர் வெட்டினார். தட்டில் வைத்தார். எடுத்துக்கொண்டு போனார்.

ஐயா அதைத் தூக்கிப் பார்த்தார். "கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கே?"

"நல்லாக் கழுவுறோம்ல ஐயா" என்றார் வின்ச்காரர். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

ஐயா எழுதினார்: 'தூய்மையின் காரணமாக மெலிவு.'

பரிசோதனைக் கூடத்திலிருந்து பதில் வரும்வரை வின்ச்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போகும், பெயர் கெடும், போகட்டும், கயிறு இருக்கிறதே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். பதில் வந்தது. 'மிகச் சிறப்பு. புதியதற்கு நிகர். ஒன்பது டன். மென்மை கூடியுள்ளது பாராட்டுக்குரியது.' அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழாவது சோதனைக்கு இன்னொரு மூன்று. எட்டாவதுக்கு இன்னொரு மூன்று. அதற்குள் மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏங்க, நம்ம வீட்டுக் கொடி சுருங்கிட்டே வருது. போன வருஷம் இந்த முனை அந்தச் சுவர் வரைக்கும் போச்சு. இப்ப முருங்கை மரத்தோட நிக்குது. எலி கடிச்சா ஓட்டை விழும், கொடி எப்படிங்க குட்டையாகும்?"

அவர் உண்மையைச் சொன்னார். அவள் கொடியை எட்டிப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"ஆறு போர்வை நனைச்சுப் போட்டா தரையத் தொடுற கொடி. இது ஒன்பது டன் தாங்குமாமா?"

"சர்ட்டிபிகேட் வந்திருக்கு."

"அப்ப உங்க தங்கச்சி வண்டி என்ன எடை?"

"ரெண்டு டன். அதுக்குத்தாண்டி நிஜக் கயித்த வெட்டாம வச்சிருக்கேன்."

அன்று மாலை அவள் மிச்சத் துணிகளை நாற்காலி முதுகுகளில் விரித்துப் போட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வின்ச்காரரின் போன் அடித்தது.

"அண்ணா, பதறாத."

பதறாதே என்று தொடங்குகிற பேச்சுக்குப் பதறாதவர் யார்? "எங்க இருக்க?"

"மூணாவது வளைவுல. வளைவுல இல்ல. வளைவுக்குக் கீழ. வண்டி வழுக்கிருச்சு. ஒரு மரம் பிடிச்சிட்டு இருக்கு. மரம் கொஞ்சம் சத்தம் போடுது."

"அடிபட்டுச்சா?"

"இல்ல. கதவத் திறந்து குதிச்சிரவா?"

"அசையாத! மூச்சக்கூட மெல்ல விடு. இதோ வந்துட்டேன், தங்கம். இதோ வந்துட்டேன்."

லாரியைக் கிளப்பும்போது ஐயா கோப்பும் கையுமாக ஓடி வந்தார். "கயிறு வெளிய போகணும்னா குழு கூடணுமே! வெளியேற்ற அனுமதி மூணு காப்பி..."

"ஐயா, கீழ தொங்குறது என் தங்கச்சி."

ஐயா கல்நெஞ்சக்காரர் இல்லை. காகித நெஞ்சக்காரர், அவ்வளவுதான். ஒரு கணம் திகைத்தார். பிறகு நானூறு பக்கப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தார். குழுவில் மூன்றில் இரண்டு பங்கு லாரியில் இருப்பதால் இதைக் கூட்டம் என்றே கொள்ளலாம் என்று வழியில் அவர் தீர்ப்பளித்தார். வின்ச்காரர் காதில் அது விழவில்லை.

மூன்றாவது வளைவில் சுவரின் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தால், சொன்னபடியே இருந்தது. சரிவில் வேன் மூக்குக் கீழாகச் சாய்ந்து, ஒற்றை மரத்தில் முட்டி நின்றது. மரத்தின் வேர் ஒரு பக்கம் வெளியே தெரிந்தது. அதற்குக் கீழே ஓடைப் பாறைகள். வின்ச்காரரின் கைகள் தம் வேலையைத் தொடங்கின. லாரியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கையுறை மாட்டி, உருளையை விடுவித்துக் கொக்கியோடு சரிவில் இறங்கினார். பத்துச் சுற்று முடிகிற இடத்தில் கயிற்றில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

"ஐயா! உருளைல சிவப்புக் கோடு வருதான்னு பாருங்க!"

"வருது! ஆனா இது எந்தக் கட்டத்துல வரும்?"

"வந்ததும் கத்துங்க, போதும்!"

வேனின் பின்வளையத்தை அவர் கை தொட்டபோது மேலேயிருந்து ஐயா கத்தினார். கோடு உருளைக்கு வந்துவிட்டது. இன்னும் இழுத்தால் பத்துச் சுற்று ஒன்பதாகும். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் நாலு விரல்கூட இல்லை. வின்ச்காரர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். மாட்டிவிட்டது. இன்னொரு சோதனைக்கு ஒரு பிரதி வெட்டியிருந்தாலும் அந்தக் கொக்கி காற்றில் ஆடியிருக்கும்.

"அண்ணா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டியா?"

"வந்துட்டேன். பிரேக்க விடாத. நான் சொல்றப்ப விடு."

மேலே ஏறி வந்தவர் பார்த்தால், கயிறு சரிவுக்கு இறங்குகிற இடத்தில் பாறை கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் இரண்டே நிமிடத்தில் இழை அறுந்துவிடும். கனத்த போர்வை ஒன்றுதான் இருந்தது, அதைக் கயிற்றின் மேல் போட வேண்டும், ஒருவேளை அறுந்தால் ஆளை அடிக்காமல் இருக்க. பாறைக்கு என்ன செய்வது? சுற்றுமுற்றும் பார்த்தார். ஐயாவின் மார்பில் நானூறு பக்கம் இருந்தது.

"ஐயா, அத இப்படிக் குடுங்க."

"எத?"

பதில் சொல்ல நேரமில்லை. பிடுங்கினார், விரித்தார், பாறை விளிம்பின் மேல் வைத்துக் கயிற்றை அதன் மேல் படுக்க வைத்தார். "கயித்துக்கு நேரா நிக்காதீங்க. லாரிக்கு அந்தப் பக்கம் போங்க. போங்கய்யா!" என்று அதட்டினார். வாழ்நாளில் முதல்முறையாக ஐயா ஒரு வாய்மொழி உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்.

மோட்டார் முனகியது. கயிறு விறைத்தது. "இப்ப விடு!" என்று தங்கைக்குக் கேட்கக் கத்தினார். பதிவேட்டின் பக்கங்கள் கரகரவென்று கிழிந்தன. நிறம் போனது, மணம் போனது, மென்மை போனது, பொதுவான மனநிலை தூள்தூளாகப் பறந்தது. கயிற்றுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அந்தப் பதிவேடு கயிற்றைப் பாதுகாத்தது அன்று ஒருநாள்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறோம். வேன் அங்குலம் அங்குலமாக ஏறியது. மரம் நிம்மதியாக நிமிர்ந்தது. முன்சக்கரமும் தார்ச்சாலைக்கு வந்ததும் வின்ச்காரர் மோட்டாரை நிறுத்தினார். தங்கை இறங்கி வந்தாள்.

"ஹாரன் அடிக்கலாம்னு பாத்தேன்" என்றாள், பல் கிட்டிக்க. "அசையாதன்னியே, அதான் அடிக்கல."

அவர் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நாற்பத்திரண்டு வயது ஆள், நடுரோட்டில். ஐயா அந்தப் பக்கம் திரும்பி நின்று கிழிந்த பக்கங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, எண்பத்துநாலு பக்கம் அல்லவா.

இத்தனை பெரிய சாதனையை மேலிடம் சும்மா விட்டுவிடுமா? மறுவாரமே ஒரு மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். மேசையில் கால்குலேட்டரை வைத்தார். முதன்முறையாகப் பன்னிரண்டாவது கட்டம் ஒன்று, 'நீளம்' என்ற பெயரில், திறக்கப்பட்டது.

"முப்பது மீட்டர் வாங்கியிருக்கீங்க. எட்டுச் சோதனை. சோதனைக்கு மூணு. இருபத்துநாலு போச்சு. மிச்சம் ஆறு. ஆறு மீட்டர் கயிறு பன்னெண்டு மீட்டர் கீழ எப்படிப் போச்சு?"

மேலதிகாரி கால்குலேட்டரை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார்.

"அளந்தா பதினஞ்சு இருக்கு. ஒன்பது மீட்டர் உபரி! பற்றாக்குறைன்னா பரவாயில்ல, திருட்டுன்னு எழுதி முடிச்சிரலாம். உபரிக்கு நான் என்னன்னு எழுதுறது?"

வின்ச்காரர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். கொடியை வெட்டியது, தட்டில் வைத்தது, மூன்று தடவை.

"கொடின்னா?"

"துணி காயப்போடுற கயிறுங்க."

மேலதிகாரி சான்றிதழ்களைப் புரட்டினார். "இதுல ஒன்பது டன்னு போட்டிருக்கு."

"அது தப்புங்க."

"முத்திரை தப்பா?"

"முத்திரை சரிங்க. கயிறுதாங்க கொடி."

மனைவி சாட்சியாக அழைக்கப்பட்டாள். "ஆறு ஈரப் போர்வைக்கே அது தரையத் தொட்டிரும்ங்க. சத்தியமா."

"போர்வையப் பத்திச் சான்றிதழ்ல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் மேலதிகாரி கனிவாக. "சரி, இந்தப் பதினஞ்சு மீட்டருக்குக் கடைசியா எப்பச் சான்றிதழ் வந்துச்சு?"

"அஞ்சாவது சோதனைக்குங்க."

"அப்ப ஆறு மாசமாச் சான்றிதழ் இல்லாத கயித்துல ஒரு பொம்பளைப் புள்ள உயிரப் பணயம் வச்சிருக்கீங்க!"

"என் தங்கச்சிங்க."

"அது இன்னும் மோசம். சொந்தக்காரங்களுக்குச் சலுகை."

உத்தரவு மூன்று பிரதிகளில் வந்தது. பதிவேட்டில் எண்பத்துநாலு பக்கம் சேதம் விளைவித்தது குற்றம். உபரி விளைவித்தது பெருங்குற்றம். கடைசி மூன்று சோதனைகளிலும் தேர்ச்சி பெற்றது கொடிதான் என்று ஐயம் திரிபற நிறுவப்பட்டதால், மேற்படி வீட்டில் மிச்சமிருக்கும் பதினொரு மீட்டர் கொடியைக் கையகப்படுத்தி வின்ச்சில் பொருத்த வேண்டும். சான்றிதழ் இல்லாத பதினைந்து மீட்டர் உபயோகத்துக்கு லாயக்கற்றது. தனியார் பொருளை எடுத்தால் பதில் பொருள் தர வேண்டும் என்ற விதிப்படி அதை வீட்டம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். மீட்கப்பட்ட வேனைப் பற்றி உத்தரவில் எதுவும் இல்லை. அதற்குக் கட்டம் இல்லை.

வின்ச்காரர் பதிவறைக்கு மாற்றப்பட்டார். உறைகளுக்கு அரக்கு வைப்பது வேலை. இப்போது அவர் கயிற்றைத் தொடுவதில்லை என்பதால் குழுவின் முழு உறுப்பினராகியிருக்கிறார். ஓட்டு உண்டு. மலைப்பாதைக்குக் கொடியைச் சுற்றிய லாரியோடு வேறொருவர் போகிறார்.

நிஜக் கயிறு இன்று அவர் வீட்டுப் பின்கட்டில் சட்டைகளையும் துண்டுகளையும் தாங்குகிறது. வெயில் படாத பக்கமாகத்தான் கட்ட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். "அப்புறம் துணி எப்படிங்க காயும்?" என்று மனைவி கேட்டாள். காயவில்லை. ஆனாலும் அப்படியேதான் கட்டியிருக்கிறாள். தினமும் காலையில் தங்கையின் வேன் வாசலில் நிற்கும்.

"அண்ணி, துணி காஞ்சிருச்சா?"

காய்ந்திருந்தால் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வேனில் போட்டுக்கொண்டு மேலே போவாள். விழுந்தால் வருகிற லாரிக்குக் கொடுக்கலாமே. ஈரமாக இருந்தால் அன்று அவள் விடுப்பு.

அந்தப் பாதையில் போகிற மற்ற வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்காக நிர்வாகம் மூன்றாவது வளைவில் பெரிய பலகை ஒன்று நட்டிருக்கிறது: 'அஞ்சற்க. ஒன்பது டன் சான்றளிக்கப்பட்ட கயிறு தயார் நிலையில் உள்ளது.' எழுத்து ரொம்ப தூரத்திலிருந்தே தெரிகிறது. பலகையின் காலை ஊன்றுவதற்குக் கல் போதவில்லை என்று, தடுப்புச் சுவரில் மிச்சம் இருந்த நாலு கல்லையும் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள்.